குடத்தின் வாயும் வீட்டின் வாசலும்: ரே மீக்கரின் மண் வேலைகள் குறித்து

மண்பாண்டக் கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு கதை அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் முதலில் கோப்பை, தட்டு, ஜாடி என்று புழங்குகிற சாமான்களைச் செய்கிறார். கை தேறுகிறது. பிறகு ஒரு கட்டத்தில் "பயன்பாட்டின் தளையிலிருந்து விடுபட்டு" அரூபச் சிற்பத்துக்குப் போய்விடுகிறார். கீழ்ப்படியில் அடுக்களை, மேல்படியில் காட்சிக்கூடம். ஏறி வந்தவரைப் பாராட்டிக் கட்டுரை முடியும்.

இந்தப் படிக்கட்டு மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். அதைச் சோதித்துப் பார்க்க வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. குமராட்சியில் பஸ் ஏறினால் சிதம்பரம், கடலூர் வழியாக நூறு கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. அங்கே 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இருக்கிறது. இன்றைய இந்திய செராமிக் கலையைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் பட்டறையைத் தொடாமல் போக முடியாது. மீக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேற்படிக் கதையைத்தான் சொல்கிறார்கள்: பாண்டம் செய்தார், பிறகு பெரிய சிற்பங்களுக்குப் போனார். நடுவில் ஒரு பத்துப் பதிமூன்று வருஷம் அவர் வேறொன்று செய்தார். அதை ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். என் வாதம் இதுதான்: அந்த நடுப்பகுதியைக் கவனிக்காவிட்டால் பிற்காலச் சிற்பங்கள் நமக்குப் புரியாது.

இரண்டு வழிகள், ஒரே முற்றம்

முதலில் பின்னணி. டெபோராவும் ரேயும் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் செராமிக் படித்தவர்கள். மீக்கர் அதற்கு முன்பு கட்டடக்கலை படித்தவர். இந்தத் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெபோரா ஜப்பானிய மொழி அறிந்தவர். பிசென் என்ற பழைய சூளை ஊரில் வேலை கற்றார். அவருடைய ஆசிரியர் சூசன் பீட்டர்சன் மாஷிகோவில் ஷோஜி ஹமாதாவின் வேலைகளைப் பதிவு செய்தபோது மொழிபெயர்த்து உதவினார். பீட்டர்சனின் அந்த நூல் 1974இல் வந்தது. ஹமாதா, பெர்னார்ட் லீச், யனாகி ஆகியோர் சேர்ந்து வளர்த்த 'மிங்கெய்' என்ற பார்வைக்கு அடிப்படை ஒரே எண்ணம்தான்: பெயர் போடாத கைவினைஞன் தினசரிப் புழக்கத்துக்குச் செய்த கிண்ணத்தில்தான் அழகு இயல்பாக அமைகிறது. பேர் எடுக்கணும்னு செய்ற சாமான்ல அது வராது.

கலிபோர்னியாவில் அப்போது அடித்த காற்று இதற்கு நேர் எதிர்த் திசையில் வீசியது. பீட்டர் வூல்கோஸ் (1924–2002) நல்ல புழங்கு பாண்டங்கள் செய்து பரிசுகள் வாங்கியவர். 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆசிரியராகச் சேர்ந்தபின் வனைந்த உருளைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார், குத்தினார், கிழித்தார். குடத்தைக் குடமாக இருக்க விடவில்லை. அதே 1954இல் கியோட்டோவில் யாகி கசுவோ என்பவர் 'திருவாளர் சம்சாவின் நடை' என்றொரு வேலையைச் செய்தார். காஃப்காவின் கதையில் ஒரு காலையில் பூச்சியாக மாறிப்போகிறவன்தான் சம்சா. சக்கரத்தில் வனைந்த ஒரு வளையம் நிமிர்ந்து நிற்கும். அதிலிருந்து சின்னச் சின்னக் குழாய்கள் கால்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். யாகி குயவர் வீட்டுப் பிள்ளை. சக்கரத்தை அவர் கைவிடவில்லை. சக்கரத்தில் வனைந்ததைக் கொண்டே, எதையும் ஊற்ற முடியாத ஒன்றைச் செய்தார்.

ஆக, ஒரு பக்கம் ஹமாதாவின் கிண்ணம், இன்னொரு பக்கம் வூல்கோஸின் கிழிந்த குடம். இரண்டு வழிகளும் புதுச்சேரியில் ஒரே முற்றத்தில், ஒரே தம்பதியிடம் வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் ஜெயித்தது கிண்ணம். நம் கடற்கரையில் எங்கும் கிடைக்கிற சவுக்கு விறகு, உள்ளூர் ஆட்கள், ஏறக்குறைய 1,300 டிகிரிக்குச் சுட்ட ஸ்டோன்வேர். சுடுமண் சட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல வேண்டுமென்றால், நம்ம ஊர்ப் பானை சுமாராக 700 முதல் 900 டிகிரிக்குள் வேகும். தண்ணீர் கசியும், அதனால்தான் பானைத் தண்ணி சில்லுனு இருக்கு. ஸ்டோன்வேர் கல் மாதிரி இறுகிவிடும், கசியாது. தட்டு, தேநீர்க் குவளை, ஜாடி என்று அந்தப் பட்டறையின் சாமான்கள் நாட்டின் பல நகரங்களுக்கும் போயின. பாத்திரத் தயாரிப்பின் வடிவமும் தரமும் டெபோராவின் பொறுப்பில் பல பத்தாண்டுகள் நடந்தன. மீக்கர் 'விடுபட்டு' மேலே போனதாகச் சொல்கிறோமே, அந்தக் காலம் முழுக்கக் கீழே கோப்பை வெந்துகொண்டுதான் இருந்தது. பட்டறையின் அடுப்பு அதனால்தான் எரிந்தது.

வீடே சூளை

இப்போது அந்த நடுப்பகுதி. 1980களின் நடுவில் தொடங்கி 1990களின் இறுதி வரை மீக்கர் செய்தது வீடுகள். சாதாரண வீடுகள் இல்லை, சுட்ட வீடுகள்.

யோசனை எளிமையானது. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி தம் நாட்டு மண்வீடுகளை உள்ளே தீ மூட்டிச் சுட்டு உறுதியாக்க முயன்றார். 1983இல் வந்த அவருடைய நூல் பலரைத் தூண்டியது. மீக்கர் அதைத் தமிழ்நாட்டுச் சூழலுக்குக் கொண்டுவந்தார். பச்சை மண் கல்லால் வளைவுக் கூரையும் குவிமாடமுமாக ஒரு வீடு கட்ட வேண்டும். மரமோ இரும்போ வேண்டாம், கூரையும் மண்ணே. உள்ளே சுடாத செங்கல், ஓடு போன்றவற்றை அடுக்க வேண்டும். வெளிப்பக்கம் சூடு தப்பாதபடி மண்ணும் வைக்கோலும் சேர்த்துப் போர்த்த வேண்டும். பிறகு நாள்கணக்கில் தீ. தீ அணைந்து ஆறியபின் உள்ளே அடுக்கிய சரக்கை எடுத்து விற்கலாம். மிச்சமாக நிற்பது ஒரு சுட்ட வீடு.

இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். எந்தச் சூளையிலும் வெப்பத்தின் கணிசமான பங்கைச் சூளையின் சுவரே குடித்துவிடும். அது வீண். சுவரே வீடாக இருந்தால் வீணானதுதான் பயன். விறகுச் செலவை உள்ளே வெந்த சரக்கு ஈடுகட்டும். ஆரோவில்லில் 'அக்னி ஜாதா' என்று பெயரிட்ட வீடு இப்படி எழுந்தது. தீயில் பிறந்தது என்று பொருள். பெங்களூருக்கு வெளியே உள்ள நிருத்யகிராமத்தின் கோயிலும் மீக்கரின் சுடுமண் கட்டுமானம்தான். நடன அசைவுகள் புடைத்த ஓடுகள் அதன் மேல் பதிந்திருக்கும்.

குமராட்சிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது வெறும் கட்டடக்கலைச் சோதனையாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் எங்கள் ஊர்களில் முதலில் கரைவது மண்சுவர். கூரை போனால் கீற்று வாங்கி மேய்ந்துவிடலாம். சுவர் ஒரு பக்கம் ஊறி உட்கார்ந்துவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோதும் அப்படித்தான் எத்தனையோ வீடுகள் போயின. மழையில் கரையாத மண்வீடு என்பது எங்களுக்கு அழகியல் கேள்வி இல்லை. ஒரு பானை செய்கிறவர் பானையின் ரகசியத்தை, அதாவது தீ பட்ட மண் தண்ணீரில் கரையாது என்பதை, வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தார். புழங்கு பாண்டம் என்பதன் உச்சம் அது. மனுஷனே உள்ள குடியிருக்கிற பானை.

அது பரவவில்லை. காரணங்களை ஊகிப்பது கடினமில்லை. தடித்த சுவரில் உட்பக்கம் நன்றாக வெந்து வெளிப்பக்கம் அரைவேக்காட்டில் நிற்கும். வளைவுக் கூரை கட்டத் தேர்ந்த கொத்தர்கள் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சூளைச் சரக்குக்குச் சந்தை வேண்டும். விறகு வேண்டும். ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய புவி நிறுவனம் மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கற்களைப் பரப்பியது, சுடவே தேவையில்லை. ஊர்ப்புறத்தில் யாருக்கும் மண்வீடே வேண்டாம் என்று ஆகியும் போனது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தபோது குடிசைக்குப் பதில் கான்கிரீட் கூரை என்பதுதான் கனவு. அதில் தவறும் இல்லை. "மண்ணு வீடு"ன்னு சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க.

இடிபாடாக நிற்கிற சிற்பம்

மீக்கரின் பெரிய சிற்பங்கள் முனைப்பாக வரத் தொடங்கியது இந்த வீட்டுச் சோதனைகள் ஓய்ந்த பிறகு. இந்த வரிசையைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். கோப்பையிலிருந்து சிற்பத்துக்கு அவர் தாவவில்லை. கோப்பையிலிருந்து வீட்டுக்குப் போனார், வீடு கைகூடவில்லை, அதற்கப்புறம்தான் சிற்பம்.

அந்தச் சிற்பங்களைப் பாருங்கள். பல ஆள் உயரத்தைத் தாண்டியவை. ஒரே துண்டாகச் சூளையில் ஏற்ற முடியாது. பகுதி பகுதியாகச் செய்து சுட்டு, பிறகு அடுக்கி நிறுத்த வேண்டும். அதாவது அவை செதுக்கப்படுவதைவிடக் கட்டப்படுகின்றன. கட்டடக்கலை படித்த கை அங்கே வேலை செய்கிறது. வளைவு, சுவர், தூண், திறப்பு என்று அவற்றின் சொற்களெல்லாம் வீட்டின் சொற்கள். ஆனால் வாசல் இருக்கும், அதற்குப் பின்னால் வீடு இருக்காது. சுவர் இருக்கும், அது எதையும் சூழாது. விமர்சகர்கள் இதைப் பயனிலிருந்து பெற்ற விடுதலை என்கிறார்கள். எனக்கு அது பயனை இழந்த துக்கமாகத் தெரிகிறது. கரையாத மண்வீடு என்றொரு வாக்குறுதி இருந்தது, அது நிறைவேறவில்லை, அதன் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார். வூல்கோஸின் கிழிந்த குடத்தில் குடத்தின் மீதான கோபம் இருக்கிறது. மீக்கரிடம் அந்தக் கோபம் இல்லை. அவருடைய நல்ல வேலைகள் கனமாகவும் அமைதியாகவும் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் வாசிப்பு.

எல்லாமே நல்ல வேலைகள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடங்களில் எனக்கு இடறுகிறது.

ஒன்று, அளவு. பெரிய மண் உருவத்தை விரிசலின்றிக் காயவைத்து, சுட்டு, நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். காய்கிறபோது மண் சுருங்கும். கனத்த இடமும் மெலிந்த இடமும் வேறுவேறு வேகத்தில் காய்ந்தால் சேர்கிற இடத்தில் பிளக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் வெடிக்கும். இந்தத் திறமையைத் தொழில்காரர்கள் வியக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் பார்வையாளன் வியப்பது செய்நேர்த்தியை மட்டும்தான் என்றால், அது கொத்துவேலைக்குத் தரும் சான்றிதழ். சில உருவங்கள் முன்னால் எனக்கு "எப்படிச் செஞ்சாங்க?" என்ற கேள்வி மட்டுமே எழுகிறது. "ஏன்?" எழுவதில்லை.

இரண்டு, செய்தி. பிற்கால வேலைகளில் சூழல் பற்றிய அக்கறை முன்னுக்கு வருகிறது. அவருடைய காட்சி ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'முன்னறிவிப்பின்றி மாறுதலுக்கு உட்பட்டது' என்று வரும். விலைப்பட்டியலின் அடியிலும் ரயில் கால அட்டவணையின் அடியிலும் பொடி எழுத்தில் இருக்குமே, அந்த வாசகம். அதைப் பூமிக்கே பொருத்துவது கூர்மையான நகைச்சுவை. ஆனால் தலைப்பு வேலையைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசிவிட்டால் மண்ணுக்கு என்ன மிச்சம்? அதோடு, கல்லாக இறுகும்வரை விறகு எரித்துச் சுட்ட பொருள் சூழலைப் பற்றி எச்சரிக்கும்போது ஒரு முரண் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அந்த முரணை மறைக்காமல் காட்டுகிற வேலைகளே தேறுகின்றன: உருகி வழிந்த இடம், புகை கறுத்த பக்கம், தாங்காமல் சாய்ந்த விளிம்பு. எரிந்தது தெரிகிற இடம். அங்கே தலைப்புக்கு வேலை இல்லை.

சிதம்பரத்துக் குயவரும் அந்த ஒரு திருவோடும்

'பயன்பாடு', 'அரூபம்' என்ற இரட்டைப் பிரிவே நம் மண்ணில் எவ்வளவு தூரம் செல்லும் என்றும் யோசித்துப் பார்க்கலாம். அதற்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்றே போதும்.

பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்ட நாயனார் சிதம்பரத்துக் குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பது அவர் தொண்டு. புழங்கு பாண்டம் என்றால் அதைவிடப் புழங்கு பாண்டம் கிடையாது. சிவயோகி வேடத்தில் வந்த இறைவன் ஓர் ஓட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்று சொல்லிப் போகிறார். திரும்பி வந்து கேட்கும்போது ஓடு இல்லை. நாயனார் பதறி, வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார். யோகி மறுக்கிறார். பொன்னால் செய்து தந்தாலும் வேண்டாம், அந்த ஓடுதான் வேண்டும்.

இந்தக் கதையை எல்லாரும் கணவன் மனைவி சபதத்துக்காகச் சொல்வார்கள்; மூங்கில் கோலின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மூழ்கி எழுந்து இளமை பெற்ற குளத்தின் நினைவாக இளமையாக்கினார் கோயில் இன்றும் இருக்கிறது. எனக்கு இந்த ஓட்டுத் தகராறுதான் முக்கியம். ஆயிரம் ஓடு செய்தவருக்கு ஓர் ஓட்டுக்கு இன்னோர் ஓடு ஈடு. யோகிக்கு ஈடே கிடையாது. இரண்டு ஓட்டிலும் சோறு வாங்கலாம், பயன் ஒன்றுதான். ஆக, பாண்டத்துக்கும் கலைப்பொருளுக்கும் நடுவில் உள்ள கோடு பயனில் இல்லை. ஈடு உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது. காட்சிக்கூடத்தில் நிற்கிற சிற்பம் 'அந்த ஓடு'. பட்டறையில் அடுக்கிய கோப்பைகள் 'வேறு நல்ல ஓடு'. மிங்கெய்க்காரர்கள் நாயனார் பக்கம். கலைச்சந்தை யோகி பக்கம்.

புறநானூற்றிலும் குயவரை விளித்துப் பாடிய பாட்டுகள் உண்டு. 228ஆம் பாட்டு சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது: இவ்வளவு பெரிய மனிதனைக் கவிக்கும் தாழியை உன்னால் வனைய முடியுமா, மலையை மண்ணாகவும் உலகைச் சக்கரமாகவும் கொண்டால்தான் முடியும் என்பது அதன் கருத்து. 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள், தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். முதுமக்கள் தாழி புழங்கு பாண்டமா, சிற்பமா? பிணத்தை வைக்க ஒரு கலம் வேண்டும், அது பயன். ஆனால் துக்கம் அந்தக் கலத்தின் அளவை உலகம் கொள்ளாத அளவுக்குப் பெருக்கிவிடுகிறது. மீக்கரின் பெரிய உருவங்களைப் பார்க்கும்போது நான் அளவைச் சோதிக்க வைத்துக்கொள்ளும் அளவுகோல் இந்த இரண்டு பாட்டுகள்தான்: இந்தப் பெருமைக்குப் பின்னால் இழப்பு இருக்கிறதா, திறமை மட்டும் இருக்கிறதா?

படிக்கட்டு யாருக்கு?

கடைசியாக, இந்த விஷயத்தில் என்னைத் தொந்தரவு செய்கிற இடம்.

குலாலர், வேளார் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் நம் மண்பாண்டச் சமூகத்தார் சட்டியும் செய்தார்கள், அய்யனாருக்குக் குதிரையும் செய்தார்கள். ஒரே கை, ஒரே மண். காலையில் அடுப்பு, மதியம் குதிரைக் காது. அவர்கள் எங்கும் 'மாற' வேண்டியிருக்கவில்லை. குதிரை ஆள் உயரத்தைத் தாண்டும். உள்ளே கூடாக, உறுப்பு உறுப்பாகச் செய்து சேர்ப்பார்கள். கூடம் கொள்ளாததை நின்ற இடத்திலேயே மண்ணும் வைக்கோலும் போர்த்திச் சுடுவார்கள். மீக்கர் வீட்டுக்குச் செய்ததை இவர்கள் குதிரைக்குச் செய்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து வேளார்களை ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ், அவர்கள் உருவத்தைச் செய்கிறவர்கள் மட்டுமல்ல, அதற்கு உயிர் கொடுக்கிற பூசாரிகளும் என்று விரிவாக எழுதியிருக்கிறார். குதிரையை எடுத்து வைத்தபின் அதைப் பாதுகாக்கும் கவலை கிடையாது. வெயிலிலும் மழையிலும் சிதையும். அடுத்த வேண்டுதலுக்கு அடுத்த குதிரை. ஈடு உள்ள சிற்பம். நாயனார் கட்சி.

இப்போது நிலவரம் வேறு. சட்டியை அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் தின்றுவிட்டன, குதிரையைச் சிமெண்ட் தின்றுவிட்டது. பொங்கல் தொகுப்பில் ஒரு பானையும் அடுப்பும் சேர்க்கச் சொல்லி மண்பாண்டத் தொழிலாளர்கள் கோரிக்கை வைப்பது தை மாதச் செய்தியாகவே ஆகிவிட்டது. ஏரியில் களிமண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்ற எளிமை 2024இல்தான் வந்தது. மழைக்காலத்தில் சூளை எரியாது. நிவாரணத் தொகைக்கு மனு எழுத வேண்டும். இவர்களிடம் போய் 'அரூபத்துக்கு மாறுங்கள்' என்று சொல்ல முடியுமா? மாறுவதற்கு முதலில் விற்கிற கோப்பை வேண்டும். மீக்கரின் சிற்பத்துக்குக் கீழே கோல்டன் பிரிட்ஜின் கோப்பை இருந்தது. குலாலர் பட்டறையில் தாங்குவதற்கு அப்படி ஒரு கோப்பை இல்லை.

பெயர் சூட்டுவதிலும் இதே கதை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரைச் சேர்ந்த வி.கே. முனுசாமி சுடுமண் சிற்பத்துக்காக 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கோல்டன் பிரிட்ஜுக்கும் வில்லியனூருக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இருக்குமா தெரியாது. ஆனால் ஒருவரை 'செராமிக் சிற்பி' என்பார்கள், மற்றவரைச் 'சுடுமண் கைவினைஞர்'. புவிசார் குறியீடு என்பதே 'எங்கள் ஊரில் யார் செய்தாலும் இது' என்ற சான்று. 'வேறு நல்ல ஓடு' என்பதற்கான சட்டப் பாதுகாப்பு. சிற்பியின் கையெழுத்தோ 'அந்த ஓடு' என்பதற்கான சான்று. இரண்டுக்கும் விலை வேறு.

கோல்டன் பிரிட்ஜில் கற்றவர்களையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். அங்கே பயின்று பின்னர் பெயர் பெற்ற கலைஞர்கள் பெரும்பாலும் நகரங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள். வினீத் கக்கர், அதில் ரைட்டர் போன்ற சிலர் கட்டடக்கலை படித்தவர்கள். தயாரிப்பு வேலை கற்றவர்கள் சுற்றுவட்டாரத்துத் தமிழர்கள். புதுச்சேரிப் பகுதியில் பின்னாளில் முளைத்த சிறு ஸ்டோன்வேர்ப் பட்டறைகளில் அந்தக் கைகளின் பங்கு உண்டு. ஒரே முற்றத்திலிருந்து சிற்பம் ஒரு திசைக்கும் கோப்பை இன்னொரு திசைக்கும் போயின. யாரும் திட்டமிட்டுச் செய்த அநீதி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டறை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் படிக்கட்டுக் கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: படியில் ஏறியவர்கள் யார், படியாகக் கிடந்தவர்கள் யார்.

கடலூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு பொறுப்பு இருப்பதாக நினைக்கிறேன். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணை எடுத்துக் கழுவினார்கள். அதையொட்டி விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும் அரசுப் பயிலகமும் வந்தன. கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறார்கள். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மண், சூளை, தொழில்நுட்பம், கை எல்லாம் ஒரு பகல் பயணத் தூரத்துக்குள் இருக்கின்றன. பயிலகத்தில் படிக்கிறவருக்குக் குதிரை செய்யத் தெரியாது. குதிரை செய்கிறவருக்கு 1,300 டிகிரிச் சூளை கிடைக்காது. கவின்கலை மாணவர் இருவரையும் பார்த்திருக்க மாட்டார். மீக்கரின் வாழ்நாள் வேலை நமக்குக் காட்டுவது, நல்ல அரூபம் பிறக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் பல்லாயிரம் கோப்பைகளும் தோற்றுப்போன ஒரு வீடும் வேண்டும் என்பதை. தோற்றுப் பார்க்கிற வசதி அவருக்குப் பதின்மூன்று வருஷம் கிடைத்தது. குமராட்சிப் பக்கத்துக் குலாலர் பையன் ஒருவனுக்கு மூன்று வருஷம் கிடைத்தால் அவன் என்ன செய்வான் என்று பார்க்க எனக்கு ஆசை. அவன் மறுபடியும் குதிரையே செய்தாலும் சரிதான்.